கம்பிக்கும் கரைக்கும் இடையே பதினோரு அடி

இத்தனை கூட்டம் வரும் என்று நான் முந்தாநாளே சொன்னேன். பந்தல் பத்தாது என்றேன், பத்தவில்லை. மைக் மக்கர் பண்ணும் என்றேன், பண்ணியது. நான் பேச எழுந்ததும் தூறல் விழும் என்றேன், மேலே பாருங்கள்! எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற வாய் இது. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே நம் ஓவர்சீயர் அம்மா, ஜெபமலர் அம்மையார், இப்படி மாலை போட்ட படமாக நம் முன்னால் இருப்பார் என்று மட்டும் இந்த வாய் சொல்லவில்லையே! ஏன் சொல்லவில்லை?

இந்தத் துயர அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் அம்மாவின் மகள் ஜாய் அவர்களே! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் குற்றாலத்து, தென்காசி வியாபாரப் பெருமக்களே! எங்கள் வளைவுத் தெருவின் ஒன்பது வீட்டுக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஆவுடைநாயகத்தின் வணக்கம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடைக்கரையில் சீசனுக்கு வாடகைக்கு விடும் மூன்று ரூம்கள் என்னுடையவை. படிப்பு ஏழாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் பதினாலு என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சீயராக இருந்தவர் அம்மா. ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? பேப்பர் படிப்பார்கள். பேரனைத் திட்டுவார்கள். அம்மா என்ன செய்தார்? பென்ஷன் வாங்கிய முதல் மாசமே ஒரு டேப்பையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்!

ஒருநாள் எங்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களை என்றால், என்னை. எனக்குப் பின்னால் நாற்பது பேர். வேன் வைத்துக்கொண்டு புளியறையிலிருந்துகூட ஆள் வந்தது. அங்கே யானை போல ஒரு கருங்கல் பாறை. அதன் தோல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. வெடிப்புக்குள் ஒரு அரசங்கன்று வேர் விட்டிருந்தது. அம்மா விரலால் சுரண்டினார். பாறை பொடிப்பொடியாக உதிர்ந்தது! கருங்கல் ஐயா, கருங்கல்!

“வெயில் காய வைக்குது, மழை நனைக்குது, வேர் நெம்புது. ஒரு நாளைக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. ஆனா நிக்காம நடக்குது” என்றார்.

“இதைத்தானம்மா நான் சின்ன வயசிலயே சொன்னேன்” என்றேன்.

“சொல்லியிருப்பிய. பாறைக்குத்தான் காது கேக்கல” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உதிர்ந்ததை மழை ஓடைக்கு உருட்டிவிடுகிறது. ஓடை தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வேகம் குறையக் குறையச் சுமையை இறக்குகிறது: முதலில் உருட்டுக்கல், அப்புறம் சரள், அப்புறம் மணல், கடைசியில் குளத்தில் போய் வண்டல். நம் வயல்களில் நெல் விளைகிறதே, அது என்ன மண்? மேலே நிற்கிற மலையின் மண்! இந்த மலைதான் நமக்குச் சோறு போடுகிறது என்று எங்களுக்குச் சொன்னது யார்? அம்மா! அந்த மலையை இறக்கிக் கொண்டுவரும் ஓடையே நம் வீட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்று சொன்னது யார்? அதுவும் அம்மாதான்!

எங்கள் தெருவில் ஓடை அரிவாள் போல வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் மோதி மோதிக் கரையை அரிக்கிறது. அங்கேதான் ஒன்பது வீடும் இருக்கின்றன. உள்பக்கம் தண்ணீர் சோம்பிப் போய் மணலைப் போடுகிறது. அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். “இங்கன திங்குது, அங்கன துப்புது. கிரவுண்டு பெருசாகுதுன்னு சந்தோசப்படாதிய. அது உங்க வீட்டு மண்ணு” என்றார் அம்மா. இதைவிட எந்தப் புஸ்தகம் தெளிவாகச் சொல்லும்?

சொன்னதோடு விட்டாரா? என் மூன்றாவது ரூமுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பியை அடித்தார். அதிலிருந்து கரையின் விளிம்பு வரை அளந்து எழுதினார். இருபது அடி. வருஷா வருஷம் ஐப்பசி மழை முடிந்ததும் வந்து அளந்தார். பதினெட்டு. பதினாறரை. இப்படிக் குறைந்து குறைந்து முதல் ஏழு வருஷத்தில் பதினோரு அடி. பாம்பு கிடந்தாலும் அளந்தார். காய்ச்சலோடும் அளந்தார்.

“கரை மேல மட்டும் பாத்து ஏமாறாதிய. ஓடை அடியில குடையுது. ஒரு நாள் மொத்தமா உக்காரும்” என்பது அவர் எச்சரிக்கை. மாற்று மனை கேட்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினார். கடைசியில் மேட்டு நிலத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒன்பது வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பேர் போட்டாயிற்று. ஷமீம் பானு போடவில்லை, ஜெபஸ்டின் போடவில்லை. மூன்றாவது ஆள்... அதற்கு வருகிறேன்.

ஷமீம் பானுவின் வீட்டுக்காரர் சவூதியில் வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டிய வீடு அது. போன மாசம் தெருக் கூட்டத்தில் அம்மாவின் நோட்டை விரித்து வைத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டது: “ஆறு வருசத்துக்கு முந்தி பதினோரு அடின்னு எழுதியிருக்கிய. அடுத்ததுல பதினஞ்சுன்னு இருக்கு. அரிச்ச மண்ண ஓடை திருப்பிக் குடுத்துட்டா? இந்த அளவ நம்பி நான் வீட்ட விட்டு எறங்கணுமா?”

நியாயமான கேள்விதான். “இந்தம்மாவுக்கு டேப் பிடிக்கத் தெரியல” என்று தெருவே சிரித்தது. முப்பத்திரண்டு வருஷம் அளந்த கைக்கு அந்தப் பேர்! அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் எழுந்து சொன்னேன். அந்த வருஷம் ஐப்பசி வெள்ளம் பனை உயரத்துக்கு வந்ததையும், ஒரு முழு மரம் மிதந்துவந்து கம்பியை இடித்ததையும், நான் பாய்ந்து கம்பியைக் கட்டிப்பிடித்ததையும், என் வேட்டியும் கம்பியும் ஒன்றாகப் போனதையும் சொன்னேன். கம்பி போனதால் அம்மா வேறு இடத்தில் புதுக் கம்பி அடித்தார், அதனால்தான் அளவு மாறியது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனாலும் ஷமீம் பானு கையெழுத்துப் போடவில்லை. கம்பியையே பிடுங்குகிற வெள்ளம், அது நின்ற மண்ணை மட்டும் விட்டுவிட்டா போகும் என்று கேட்டது. அடுத்த வாரம் அம்மா நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அன்பானவர்களே! இனி அந்த டேப்பை யார் பிடிப்பது? நான் பிடிக்கிறேன்! ஐப்பசிக்கு ஐப்பசி நான் அளப்பேன். ஜாயின் முன்னிலையில் எழுதுவேன். கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள் நான்தான். சீசனுக்குச் சீசன் வரும் வாடகையை விட மனசில்லை. அய்யாத்துரை அண்ணாச்சி, அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். எல்லோரும் பார்க்கப் போடுகிறேன்.

போட்டாயிற்று.

ஷமீம் பானு, ஜெபஸ்டின், நீங்கள் என் கையெழுத்தைப் பார்த்துப் போட வேண்டாம். அம்மாவின் அளவைப் பார்த்துப் போடுங்கள். அதற்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடித்த அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, ரூம் கேட்டு வந்தவர்கள் “இது என்ன?” என்று கேட்டார்கள், கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கோயிலில் ஜெபத்தில் இருந்த நேரம், நான்தான் அதைப் பிடுங்கினேன். குழியை மூடி, ஓடையை வேடிக்கை பார்க்க ஒரு சிமெண்ட் பெஞ்சு கட்டினேன். மழை முடிந்து அளக்க வந்த அம்மா பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெள்ளம் பெஞ்ச விட்டுட்டு கம்பிய மட்டும் கொண்டுபோச்சா, அண்ணாச்சி?” என்றார். “ஆமாம்மா” என்றேன். ‘கம்பி இல்லை, புதிது நட்டேன்’ என்று எழுதிக்கொண்டார். சாகும்வரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பழைய குழி பெஞ்சுக்கு அடியில் சரியாக எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நேற்று பெஞ்சை உடைத்தேன். குழி அப்படியே இருக்கிறது. கரைக்கும் அதற்கும் இப்போது இரண்டே அடி. இந்த ஐப்பசியில் அதுவும் போய்விடும். அதற்கு முன்னால் வந்து பாருங்கள். குழியிலிருந்து புதுக் கம்பி ஆறடி வீட்டுப் பக்கம் தள்ளி நிற்கிறது. பதினைந்தில் ஆறு போனால் ஒன்பது. பதினொன்றுக்கு அடுத்து ஒன்பது. அம்மா ஒரு விரற்கடைகூடத் தப்பாக அளக்கவில்லை. வெள்ளம் வந்து கம்பியைக் கொண்டுபோனது என்றேனே, அது நான் கட்டிய கதை.