ஏறி இறங்குகிற நம்பர்

பஸ் டிக்கெட்டை நம்பர் பார்க்காமல் கசக்கி எறிகிறவர்களை எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. ஐயா, உங்கள் மேசையில் கிடக்கிற ரசீதில்கூட மூன்று ஏழு சேர்ந்து வந்திருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, சிலருக்குச் சங்கீதம் பிடிபடாது, அதுபோலத்தான் இதுவும்.

என் பெயர் அப்துல் ஸமத். மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன். கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்க மாட்டேன் என்று கடைவீதியே கேலி செய்யும். தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறதென்று வாப்பா காலத்தில் வாங்கிய துவக்கு ஒன்று லைசென்ஸோடு என்னிடம் உண்டு. அதால் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. அதன் நம்பர் 70318. வழக்கு முடியும் வரைக்கும் ஒரே வீட்டில் குடியிருக்கிற சகோதரர்கள் மாதிரி, ஒன்றோடொன்று பேசாத ஐந்து எண்கள். என்னுடைய துக்கம் அங்கேதான் தொடங்கியது.

வெளிநாட்டில் நம்பருக்காகவே துவக்கு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே எண் வரிசையாக வந்தது, திருப்பி வாசித்தாலும் மாறாதது என்று தேடித் தேடி வாங்குவார்கள். போனில் அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நம்முடைய காலம் போகும், ஏனென்றால் இங்கே ஒருவருக்கு ஒரு துவக்குதான். ரத்தோட்டையில் தோட்டத்துக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற வின்சன்டுக்கு மட்டும் என் மனது தெரியும். அவருடையது 22122. நத்தார் பண்டிகைக்குப் போனால் கேக் வெட்டுவதற்கு முன் வெள்ளைத் துணி விரித்து அதை மேசையில் வைப்பார். நானும் அவரும் அதை இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி வாசிப்போம்.

லைசென்ஸ் புதுப்பிக்க அரசாங்கக் கச்சேரிக்குப் போன இடத்தில்தான் பஸீரைக் கண்டேன். உக்குவளைப் பக்கம் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். துவக்கை, உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றி, அதன் மேல் சாய்ந்துகொண்டு வரிசையில் நின்றார். சாரம் விலகியபோது நம்பரைப் பார்த்தேன். 45654. நாலு, ஐந்து, ஆறு என்று ரிவர்ஸ்டன் ரோடு மாதிரி ஏறி, அதே வழியில் இறங்கி வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வின்சன்ட்தான் எச்சரித்தார்.

“புடிச்சிருக்குன்னு காட்டிராதீங்க ஹாஜியார். நீங்க காட்டினா அந்தாளும் நம்பரைப் பாக்கத் தொடங்கிருவாரு. அதுக்கப்புறம் செத்தாலும் கையை விட்டு வராது.”

நியாயமான பேச்சு. சேகரிக்கிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். ஆகவே நான் பஸீரிடம் கேட்கவில்லை. பெயர் மாற்ற என்ன வழி என்று கச்சேரியிலும் விசாரிக்கவில்லை, கதை கசிந்துவிடும். சொந்தக்காரர் மௌத்தானால் வாரிசின் கைக்கு வரும், வாரிசு விட்டுக்கொடுத்தால் நமக்கு வரும் என்பதை நானாகவே யோசித்து எடுத்தேன். பஸீரின் ஒரே மகன் இன்ஷாப் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தான். வெடிச் சத்தம் என்றால் காதைப் பொத்துகிற பிள்ளை. என் மகள் ஜெஸ்லாவுக்கு அவனை மாப்பிள்ளையாகப் பேசி முடித்தேன்.

அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு அடிக்கடி போவேன். மகள் மேல் என்ன பாசம் என்று ஊர் மெச்சியது. மகள் தேத்தண்ணி ஊற்றப் போகிற நேரம் துவக்கு சாத்தியிருக்கிற அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவேன்.

சிக்கல் என்னவென்றால், பஸீர் ஆரோக்கியமான மனிதர். சீனி இல்லை, பிரஷர் இல்லை. டெங்கு வந்தது, பப்பாசி இலைச் சாறு குடித்து எழும்பிவிட்டார். நான்தான் அந்த இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சம்பந்தி என்ற முறைக்கு. என் பொறுமைக்கு அது ஒன்றே போதும்.

ஆனால் அலுமாரிக்குப் பின்னால் ஈரம். நம்பரில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. கடைசி நாலு மங்கிக்கொண்டே வந்தது. நாலு போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த மனிதரோ விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு, மிளகுக் கொடிகளைப் பார்த்தபடி தினமும் வேலியோரம் நடந்து போவார். இன்னும் இருபது வருஷம் நடப்பார் போலிருந்தது. நான் யோசிக்க வேண்டி வந்தது.

பல்லேகமப் பக்கம் ஒருவனிடம் கட்டுத்துவக்கு வாங்கினேன். பன்றி வருகிற வழியில், கால் தட்டினால் வெடிக்கிற மாதிரி கயிறு இழுத்துக் கட்டி வைப்பார்களே, அதுதான். வெறும் குழாயும் கட்டையும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் ஒரு நம்பர் இல்லை. ஐயா, இந்த விஷயத்தில் நான் வெட்கப்படுவது இந்த ஒரு இடத்தில்தான். இத்தனை வருஷம் நம்பரை நேசித்தவன், கடைசியில் நம்பரில்லாத ஒன்றைத் தொட்டேன். வின்சன்டிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

வேலியோரம் அதைக் கட்டிய மறுநாள் பஸீருக்குக் கால் வலி. இன்ஷாப் லீவில் வந்திருந்தான். “மாமா படுத்திருக்கட்டும், நீங்க போய் மிளகைப் பாத்துட்டு வாங்க” என்று ஜெஸ்லாதான் அவனை அனுப்பியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லியே அழுகிறாள். அவள் மேல் நான் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை.

செய்தி கேட்டு முதலில் ஓடியவன் நான். வேலியோரம் கிடந்ததை அவிழ்த்துச் சுதுகங்கையில் போட்டுவிட்டேன். பிறகு ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன். அழுதேன், பொய்யாக அல்ல. நல்ல பிள்ளை, அதோடு துவக்கை எனக்கு விட்டுக்கொடுக்க இருந்த வாரிசும் அவன்தான்.

கத்தம் ஓதி முடிந்த அன்று பஸீர் என்னை உள்ளே கூப்பிட்டார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார்.

“சம்மந்தி, இதை நீங்களே வச்சுக்கங்க. இனி துவக்குன்னு ஒண்ணு இந்த வூட்டுல இருக்கக் கூடாது. என் பிள்ளைக்குப் புடிக்காத சாமான். நீங்க கேட்டிருந்தா எப்பவோ தந்திருப்பேனே.”

கச்சேரியிலும் அப்படித்தான் சொன்னார்கள். உயிரோடு இருக்கும்போதே பெயர் மாற்றலாமாம். கடிதம் ஒன்று கொடுத்தால் போதுமாம். வின்சன்டின் புத்தியை எல்லா இடத்திலும் கேட்கக் கூடாது என்று அப்போது விளங்கியது. 70318ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலைத் துலக்கி எடுத்தேன். அந்த மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது நீங்கள் இன்ஷாப்பின் சாவில் சந்தேகப்பட்டு அந்தத் துவக்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் வெளியே உங்கள் கான்ஸ்டபிள் உளியும் சுத்தியலும் எடுப்பதைக் கண்டேன். வழக்கு நம்பரை இரும்பிலேயே வெட்டப் போகிறாராம், 45654க்குப் பக்கத்தில். அதனால்தான் நானாகவே உள்ளே வந்தேன். இன்ஷாப்பைச் சுட்டது அந்தத் துவக்கு இல்லை. கட்டுத்துவக்கு கட்டியது நான், பஸீருக்காகக் கட்டினேன், இன்ஷாப் போனான். எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். முதலில் அவரைக் கையை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜெஸ்லா வாசலில் நிற்கிறாள், புருஷனுக்காக இருக்கிற இத்தா உடையோடேயே வந்திருக்கிறாள். இதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். கொஞ்சம் கோபமாகத்தான் இருப்பாள். துவக்கை அவளிடம் கொடுங்கள், நம்பரை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும், வாப்பா ஏன் செய்தார் என்று அவளுக்கே விளங்கிவிடும்.