சமையல்கட்டுப் பக்கம் திரும்பின டிவி

எல்லாரும் சௌக்கியந்தானே? வெயில் ஆளையே தின்னுது, மோரக் குடிச்சிட்டு நெழலா ஒக்காந்து படிங்க. இது பாகிஸ்தான்ல, உமர்கோட்டுல, மிளகா வியாபாரி குமான் சிங் வீட்டுல நடந்த பேச்சு. தாப்பு அவரோட சம்சாரம், எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, இந்தியாவுலேர்ந்து, வாழ வந்தவ. கேசர் அவங்க மக, அதே அந்தப் பக்கத்துக்கு வாழப் போறவ. அன்னிக்கு இந்தியாவுல ஓட்டு எண்றாங்க.

தாப்பு: ...அதான் கேக்கறேன். நம்ம ஊரு மந்திரி பேரு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

குமான்: இப்ப எதுக்கு அது?

தாப்பு: ஒண்ணே ஒண்ணு.

குமான்: அந்த... பெரிய மீசக்காரரு...

தாப்பு: எல்லாருக்குந்தான் மீச இருக்கு! ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் பார்மேர்ல எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க.

குமான்: நான் மட்டுமா? மிளகா மண்டிக்கு வந்து பாரு. காலையிலேர்ந்து மூணு பேரு, இந்தியாவ எப்படி ஆளணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயாச்சு. அதுல ஒருத்தன் எடைக்கல்லயே எங்கிட்ட மறந்து வச்சிட்டுப் போயிட்டான்.

தாப்பு: அதான், ஏன்?

குமான்: நம்ம தலைவருங்களத் திட்டினா வம்பு வரும். அவங்க தலைவருங்களத் திட்டினா யாரு கேப்பா? எதிராளி வீட்டுச் சண்டைய வேடிக்க பாக்கறது தனி சொகம், கேசர் அம்மா.

தாப்பு: எதிராளி வீடா? அது என் பொறந்த வீடு!

குமான்: அதைத்தானே நானும் சொன்னேன்.

கேசர்: ஹ ஹ... அப்பா!

தாப்பு: அங்க என்னடி சிரிப்பு? கொத்தவரங்கா நறுக்கியாச்சா?

கேசர்: நறுக்கிட்டிருக்கேம்மா.

தாப்பு: ஒரு மணி நேரமா அதே பத்து கொத்தவரங்கா. நாங்க சாப்புடறதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துரும்.

குமான்: ஷ்ஷ்... எட்டாவது சுத்து சொல்றான்...

தாப்பு: என்னவாம்?

குமான்: உனக்குத்தான் அரசியலே புடிக்காதே.

தாப்பு: புடிக்காது. சொல்லுங்க.

குமான்: ஏணிச் சின்னம் நாலாயிரம் முன்னால.

தாப்பு: அய்யோ... ஏணின்னா அந்த மூலாராமா? இங்க வர்ற ரயில நிறுத்தணும், எல்லைக் கதவுக்குப் பூட்டுப் போடணும்னு கத்தினாரே?

குமான்: அவரேதான். தொண்டை நல்ல தொண்டை.

தாப்பு: நான் அப்பவே சொல்லிட்டேன். ஏணி ஜெயிச்சா கல்யாணம் கெடையாது. அங்க இருக்கற எங்க தேஜ் அண்ணங்கிட்டயும் சொல்லியாச்சு.

குமான்: ஒருத்தரு கத்தினா ரயில் நின்னுடுமா?

தாப்பு: நாப்பது வருஷம் நின்னுச்சா இல்லையா? கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல எங்க ஊரு. அங்க போக லாகூரச் சுத்தி நாலு நாள். எங்கப்பா போன சேதி எனக்குப் பதினேழாம் நாள் வந்துச்சு. அழறதுக்குக்கூட எல்லாரும் அழுது முடிச்சப்புறம் தனியா அழுதேன்... எம் பொண்ணுக்கு அது வேணாங்க.

குமான்: சரி, அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?

தாப்பு: பானைச் சின்னம் ஜெயிக்கட்டும். அந்த கோஜ்ராஜ் வாரத்துக்கு ரெண்டு ரயில் விடச் சொல்றேங்கறாரு. மழை முடிஞ்சதும் கல்யாணம். இல்லையா, இங்கயே எங்கயாச்சும் பையனப் பாருங்க.

குமான்: இங்க எங்க பாக்கறது? சுத்துவட்டாரம் முழுக்க நம்ம குலம். அத்தன பேரும் அவளுக்கு அண்ணன் தம்பி மொற. வேலி தாண்டித்தானே தேடணும்? என்னையப் பாரு, உன்னைய அங்கேர்ந்துதானே கொண்டாந்தாங்க.

தாப்பு: ஆமா. பரிசு மாதிரி.

குமான்: தண்டனை மாதிரி... தமாஷு, தமாஷு! கரண்டியக் கீழ வை!

கேசர்: அப்பா, ஒன்பதாவது சுத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ரயிலடி ஊருங்க பெட்டியத்தான் தொறப்பாங்க. அது அத்தனையும் பானைக்குத்தான் விழும்.

தாப்பு: உனக்கெப்படித் தெரியும்?

கேசர்: அது... அப்பா பாக்கறப்ப காதுல விழறதும்மா.

தாப்பு: காதுல விழறதாம். உப்பு கொண்டான்னு நாலு தடவ கத்தினேன், அது விழல.

குமான்: விடு, பொண்ணு வெவரமா இருக்கட்டும்.

தாப்பு: முதல்ல இந்த டிவிய நேரா வைங்க. அது சமையல்கட்டப் பாத்துட்டிருக்கு, நாம கட்டில்ல ஒக்காந்து கழுத்த ஒடிச்சிட்டிருக்கோம்.

குமான்: ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்குது.

தாப்பு: ரெண்டு மாசமா, இருட்டினப்புறமுமா அடிக்குது?

குமான்: அது... ஒயரும் எட்டாது. ஷ்ஷ்... ஒன்பதாவது சுத்து! ஏணி எழுநூறுதான் முன்னால!

கேசர்: சொன்னேன்ல!

தாப்பு: எழுநூறா? சாமி, கோஜ்ராஜு, ஒரு தம் பிடிய்யா...

குமான்: அரசியலே புடிக்காதாம்.

தாப்பு: வாய மூடிட்டு டிவியப்... அய்யோ! என்னங்க இது, புள்ளி புள்ளியா...

குமான்: போச்சு! காத்து மாடியில டிஷ் தட்டத் திருப்பிடுச்சு! நான் மாடிக்குப் போறேன், தெரிஞ்சா சத்தம் போடுங்க!

தாப்பு: தலையில துணியக் கட்டிட்டுப் போங்க! ஒரே புழுதி!

குமான்: தெரியுதாஆஆ?

தாப்பு: இல்லீங்க!

குமான்: இப்ப?

தாப்பு: யாரோ பொம்பள அல்வா கிண்டுது!

குமான்: இப்ப?

தாப்பு: இப்ப அல்வாவும் போச்சு!

குமான்: அரை மணியாச்சு, இப்பவாச்சும்?

கேசர்: வந்துருச்சுப்பா! ஆட்டாதீங்க! அப்படியே பிடிச்சிட்டு நில்லுங்க!

தாப்பு: படம் வந்துச்சு, சத்தம் எங்க? வாய மட்டும் அசைக்கறான்... யாரு ஜெயிச்சா?

கேசர்: பானைதாம்மா! பானை ஜெயிச்சாச்சு!

தாப்பு: எழுத்துகூட இன்னும் ஓடல. நீ எதவச்சு சொல்ற?

கேசர்: பாருங்கம்மா, குடையத் தூக்கிப் போட்டுட்டாங்க! சிரிக்கிறாங்க! ரெண்டு மாசத்துல ஒரு நாளும் சிரிச்சதில்ல...

தாப்பு: எங்க? கோஜ்ராஜ் உம்முன்னுதானே நிக்கறாரு?

கேசர்: அவரில்லம்மா... பின்னால... மஞ்சத் தலப்பா...

தாப்பு: அவருக்குக் குடை பிடிக்கிற பையனா? அவன் சிரிச்சா உனக்கென்ன...? ஏ கேசர். எதுக்குடி இப்ப முக்காட மூக்கு வரைக்கும் இழுத்த?

கேசர்: புழுதிம்மா.

தாப்பு: கதவு சாத்தியிருக்கு. வெள்ள மீசப் பெரியவர் ஒருத்தர் வந்து அந்தப் பையன் தோள்ல கை போட்டாரு. ஒடனே நீ முக்காடு இழுத்த. மாமனாருக்கு முன்னால நான் எப்படி இழுப்பேனோ, அதே இழுப்பு. இருபத்திநாலு வருஷமா இழுக்கறவளுக்குத் தெரியாதா?

கேசர்: அம்மா... மெதுவா...

தாப்பு: டிவிக்குள்ள இருக்கற மாமனாருக்கு முக்காடா! யாரு சொன்னா உனக்கு, அதுதான் மாப்பிள்ளைன்னு?

கேசர்: தேஜ் மாமா பொண்ணு. போன்ல... மஞ்சத் தலப்பா, பச்சக் குடை, கூட வர்ற வெள்ள மீச அவங்கப்பான்னு...

தாப்பு: அதான் கொத்தவரங்கா நறுக்க ஒரு மணி நேரம்! கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ள மொகத்தப் பாக்கறது எந்த ஊரு வழக்கம்? போட்டோ கேக்கறதே கௌரவக் குறைச்சல்னு நாம சும்மா இருக்கோம். நானெல்லாம் கல்யாணமாகி மூணாம் நாளுதான் உங்கப்பா மொகத்தையே பாத்தேன்.

கேசர்: பாத்துட்டு?

தாப்பு: பாத்துட்டு என்ன... திரும்பிப் போக ரயில் இல்ல.

கேசர்: ஹ ஹ ஹ ஹா!

குமான்: என்ன சிரிப்பு அங்க? யாரு ஜெயிச்சா? கை மரத்துப் போச்சு!

தாப்பு: இருங்க, எழுத்து ஓடுது! கோஜ்ராஜ்... பதினோராயிரம்... பானைதாங்க! நிஜமாவே பானைதான்! எறங்கி வாங்க!

கேசர்: நான்தான் சொன்னேனே.

தாப்பு: நீ வாயத் தொறக்காத. இது உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுது, மானம் போச்சுன்னு ஆடிடுவாரு. என்ன கேட்டாலும் அரசியல்னு சொல்லு.

கேசர்: நீங்க சொல்ல மாட்டீங்களே?

தாப்பு: மாட்டேன்... பல்லு வரிசையாத்தான் இருக்கு.

கேசர்: அம்மா!

தாப்பு: தலப்பாதான் கட்டத் தெரியல. நீ போய்ச் சொல்லிக் குடு. வராரு, வராரு, காய நறுக்கு!

குமான்: அப்பாடா... வாயி பூரா மண்ணு. பதினோராயிரமா?

தாப்பு: பதினோராயிரம்.

குமான்: அப்ப தேஜ் மச்சானுக்கு போன் போடட்டுமா? மழை முடிஞ்சதும்னு?

தாப்பு: போடுங்க. இப்பவே போடுங்க... தேர்தல் முடிஞ்சுது, இந்த டிவியவும் நேராத் திருப்பிடறேன்.

குமான்: ஏய், தொடாத! நாளைக்கு வெற்றி ஊர்வலம் காட்டுவான்.

தாப்பு: யாரோ நாட்டு ஊர்வலத்துல உங்களுக்கு என்னங்க அப்படி ஒரு அக்கற?

குமான்: எனக்கென்ன, ஏணியும் ஒண்ணு பானையும் ஒண்ணு... கிட்ட வா, மெதுவாச் சொல்றேன். உங்கண்ணன் ரெண்டு மாசத்துக்கு முன்னால போன்ல சொன்னாரு, மாப்பிள்ள தெனம் சாயங்காலம் செய்தியில குடையோட நிக்கறாருன்னு. பொண்ணக் கூப்பிட்டு, பாரும்மான்னு ஒரு அப்பன் வாயால சொல்ல முடியுமா? அதான் டிவிய அவ பக்கம் திருப்பி வச்சேன். நாளைக்குக் குடை இருக்காது, மூஞ்சி முழுசாத் தெரியும்... நீ கேசர்கிட்ட மட்டும் சொல்லிடாத.

உங்க வீட்டுல யாரு, எந்த நாட்டு அரசியல, நெஜமா எதுக்குப் பாக்கறாங்க? மறைக்காம எனக்கு எழுதுங்க.