மூன்றுக்கு மாறாத முரசு

நீதிபதி அவர்களுக்கு,

விசாரணைத் தாளில், நாடகத்தன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது தவறாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். மதுக்கூடத்து மண்டபத்தில் முன்வரிசை நடுவில் பிராக் நாடகசாலையிலிருந்து வந்த பெரியவர், பக்கத்தில் பாதிரியார். அதே வரிசையின் கடைசியில், பிராக் பெரியவருக்குப் பேச்சு எட்டாத தூரத்தில், நாடகத்தில் ஆடிய ஷிமொனின் தாயார் பார்போரா. அவரை அங்கே உட்காரவைத்தது நான்தான். வாத்தியக்காரர்களை நடத்த மருந்துக்கடை ட்வோர்ஸ்கி. மேடைக்கு அடியில் நிலவறையில் தார்ப்பாய் பிடிக்க நான்கு பேர். அவர்கள் தலைக்கு நேர் மேலே, மேடை ஓரத்தில், முரசோடு நான்.

பள்ளிக்கூட வாத்தியாரான நான் இசைநாடகம் எழுதியதில் ஊருக்குப் பெருமை. அதன் மெட்டுகள், குளிர்காலத்தில் பார்போரா வீட்டில் பெண்கள் கூடி வாத்து இறகு உரிக்கும்போது பாடியவை. நான் மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். எழுதி வைத்தவனுக்குத்தானே சொந்தம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஷிமொன் பீப்பாய் செய்கிறவன். நல்ல குரல், அதைவிட நல்ல கால். நாடகம் தொடங்குமுன், அரிதாரம் பூசிக்கொண்டே கேட்டான்.

"என்ன வாத்தியாரே, பிராக் ஐயாவப் பாத்ததுமே வேர்க்குதா?"

"நீ தாளத்தைக் கவனி."

"தாளமெல்லாம் எங்கம்மா மடியிலயே வந்துருச்சு. ஆட்டம் முடியட்டும், ஐயாவக் கூட்டிட்டுப் போயி அம்மா முன்னால நிறுத்துறேன். 'நாங்க வாத்த உரிச்சோம், எங்க வாத்தியாரு எங்கள உரிச்சுட்டாரு'ன்னு சொல்றேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிப்பாரு."

அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தன் கோப்பையிலிருந்த பீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மேடையேறினான்.

கடைசிக் காட்சி, ஆலைப் பாலத்தின் மேல் எங்கள் நாட்டு ஃபூரியான்ட் ஆட்டம். நடை இரண்டிரண்டாக மிதித்துப் போய், சட்டென்று மூன்று மூன்றாகப் புரளும். அதற்குச் சற்று முன்பே மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிடும். என் முரசும் அவன் காலும்தான். முரசு மூன்றுக்கு மாறியதும் கீழே இருப்பவர்கள் தார்ப்பாயைத் தூக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றின் முடிவில் அவன், மேடைப் பலகையைத் திறந்து நிலவறைக்கு விட்டிருந்த ஆலைக்குழிக்குள் குதிப்பான். மேலிருந்து பார்த்தால் குழி வெறும் இருட்டு. "அவன் காலை நம்பாதீர்கள், முரசை நம்புங்கள்" என்று ஒத்திகையில் அந்த நால்வருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது நல்ல யோசனையாகவே இருந்தது.

வாத்தியங்கள் ஓய்ந்தன. நான் இரண்டிலேயே நின்றேன்.

ஷிமொன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தடுமாறுகிறேன் என்று நினைத்திருப்பான். என் இரண்டின் மேல் தன் மூன்றை ஓங்கி மிதித்து, சபைக்குத் தெரியாமல் என் குறையை மூடினான். முரசு பிசகினாலும் எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் நடுவில் நிற்கமாட்டான். நின்றால் ஆயுசுக்கும் கேலி. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவன் குதித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தார்ப்பாய் தரையில் கிடந்தது. கல்தரை.

அடக்கம் முடிந்ததும் பார்போராவிடம் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அவர் ரொட்டி நறுக்கி என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க வாத்தியாரய்யா. மூஞ்சியில ஈயாடல."

"அம்மா, அந்த முரசு..."

"தெரியும். கை தவறிப்போச்சு. கை தவறாத மனுசன் யாரு? எம்மவன் இருந்தா அவனே ஒங்களத் தேத்தியிருப்பான். ராத்தூக்கம் இல்லையாமே? இந்தாங்க, இந்தத் தலகாணிய எடுத்துட்டுப் போங்க. அவனுக்குன்னு அடைச்சது."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் தலை வைத்தால் இறகுக்குள்ளிருந்து அந்தப் பெண்கள் பாடுகிறார்கள். எழுந்து உட்கார்ந்தாலும் நிற்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்: ஷிமொனைக் கொன்றது நான். மனசாட்சி உறுத்தித்தான் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவுமில்லை.

அரக்கு உருகிவிட்டது, தபால் வண்டியும் வாசலில் நிற்கிறது. உறையை ஒட்டுமுன் ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணைத் தாளில் 'ஆசிரியரின் கை தாளம் தவறியதால்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். என் கை ஒருநாளும் தாளம் தவறியதில்லை.