எங்க பாஷை கொஞ்சம் நீளம்

யாரு சொன்னாங்களா? கோர்ட்டு வாசல்ல பையைக் கிளறிப் பார்க்கிறாளே, அந்தக் காவல்காரிதான் முதல்ல சொன்னா. உங்க பாஷையை மொழிபெயர்க்க ஒரு பொண்ணு வந்திருக்கு, மூணாவது அறை வாசல்ல உட்கார்ந்திருக்குன்னு. கேட்டதும் எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. நம்ம பொண்ணு! இரு இரு, எதுக்கு நகர்ந்து உட்கார்றே? நான் என்ன உன்னைக் கடிச்சா திங்கப்போறேன்?

தெரியும்மா. வழக்கு சம்பந்தப்பட்டவங்க யார்கிட்டயும் நீ பேசக் கூடாது, சத்தியம் பண்ணியிருக்கே. பேசாதே. கேட்டுக்கிட்டு மட்டும் இரு. காதுகிட்ட யாரும் சத்தியம் வாங்கலையே.

அதோ, தண்ணி மெஷின் பக்கத்துல, கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, அவதான் என் பொண்ணு. கூட இருக்கறவ, புருஷன் வீட்டை விட்டு ஓடி வர்றவளுகளைச் சேர்த்துக்கற விடுதிக்காரி. என்னைப் பார்த்ததும் மூஞ்சியை எப்படித் திருப்பிக்கிட்டா பார்த்தியா? பெத்தவளுக்கு இதுதான் மரியாதை.

புருஷன் கிட்டயே வரக் கூடாதுன்னு தடை கேட்டு வந்திருக்கா. குழந்தையும் அவளுக்கே வேணுமாம். ஜட்ஜம்மா இன்னிக்குக் கொடுத்துட்டாங்கன்னா மாப்பிள்ளை வீட்டைக் காலி பண்ணணும், இவ உள்ள வருவா. வந்ததும் முதல் வேலையா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளுவா. பின்பக்கம் எனக்குன்னு தனி அறைம்மா. தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். மாப்பிள்ளை தன் கையால பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தார். அதை விட்டுட்டு இந்த வயசுல நான் தெருவுலயா நிக்கறது?

அதான் உன் வேலையைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சேன். அவ பேசறதை நீயும் நான், நான்னுதான் சொல்லணுமாமே? என்னை அடிச்சார், என்னை உதைச்சார்னு, உன் மேல ஒரு விரல் படாமலே நீ சொல்லணும். நல்ல பிழைப்பும்மா! கூசாதா உனக்கு?

பொய் சொல்லச் சொல்லலை. கழுத்தை நெரிச்சார்னு அவ சொல்லுவா. நீ கழுத்தைப் பிடிச்சார்னு சொல்லேன். பிடிக்காம நெரிக்க முடியுமா? அப்போ பிடிச்சதும் நிஜம்தானே? நடுவுல அழுவா. அழட்டும். அழுகையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, உனக்கும் கொஞ்சம் ஓய்வு.

எனக்கும் இந்த வேலை தெரியும். சத்தியமா. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற இடத்துல இந்த ஊர்க்காரங்களோடதான் காலந்தள்ளினேன், இவங்க பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு. அவளுக்கு ஒரு வார்த்தை வராது. வகுப்புல சேர்ந்து படிக்கிறேன்னா. நான் இருக்கேன்ல, உனக்கெதுக்குடின்னு மாப்பிள்ளையும் நானுமா நிறுத்திட்டோம்.

அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிட்டுத் தொலைச்சுட்டான். ரெண்டு பேர் வந்தாங்க, மீசை சரியா முளைக்கலை. இவ சுவத்துல சாஞ்சு தரையில உட்கார்ந்திருக்கா, ஒரு கண்ணு வீங்கி மூடியே போச்சு. என்ன சொல்றாங்கன்னு நீங்க எங்களுக்குச் சொல்ல முடியுமான்னு என்கிட்ட கேட்டான் ஒருத்தன். தாராளமா, நான்தானே அம்மான்னேன். இவ பேசறா, பேசறா, மூச்சு வாங்க வாங்கப் பேசறா. கேட்டு முடிச்சுட்டு, குளியலறையில வழுக்கி விழுந்துட்டாளாம்னேன். அந்தப் பையன் முழிக்கிறான். இவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானான்னான். எங்க பாஷை கொஞ்சம் நீளம் சார்னேன். சிரிச்சுட்டான்! எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்க வண்டி தெரு திரும்பற வரைக்கும் இவ என் கையை விடலை. அம்மா, சரியாச் சொல்லும்மா, சரியாச் சொல்லும்மான்னு ஒரே பாட்டு.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினவதான்.

ஏம்மா அப்படிப் பார்க்கிறே? உன்னையும் ஒருத்தி பெத்துத்தானே விட்டிருப்பா?

சரி, போ. நெரிச்சதை நெரிச்சதுன்னே சொல்லிக்கோ. கண்ணு வீங்கினதையும் சொல்லு. மாப்பிள்ளைக்கு வக்கீல் இருக்கார், பார்த்துப்பார். போலீஸ் சமாச்சாரமும் எனக்கு ஒரு பொருட்டில்லை, பாஷை அரைகுறை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு கண்ணைக் கசக்கினா போச்சு. நான் உன்கிட்ட கேக்கறது ஒரே ஒரு வரி. அதை மட்டும் முழுங்கிடு. உன் வாயை விட்டா அவளுக்கு இங்கே வேற வாய் கிடையாது. நீ விட்டா விட்டதுதான், அவளுக்கே தெரியாது.

அம்மா குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன்னு சொல்லுவா. அது வேண்டாம். அதைக் கேட்டா ஜட்ஜம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?

போலீஸ் வந்த அன்னிக்கு மத்தியானம் படுக்கையறைக்குள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாம்மா. மாப்பிள்ளை கத்திப் பார்த்தார், உதைச்சுப் பார்த்தார். கெட்டிக் கதவு, அசையலை. நான்தான் சத்தம் போடாதீங்கன்னு சைகை காட்டி, அவரை என் பின்னால நிக்க வெச்சேன். அவர் வெளியில போயிட்டார், நான் மட்டும்தான் இருக்கேன், திறடி கண்ணுன்னேன். உடனே திறந்துட்டா. பின்ன என்னம்மா, மேஜை மேல சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு, எவ்வளவு நேரம்தான் நானும் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது?