பாவுக் கஞ்சிக்கு மார்க்கு போட்ட ரசீதா டீச்சர்

கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் பொன்னுச்சாமி அண்ணாச்சி அவர்களே! தறியோசையில் தமிழ் வளர்க்கும் சங்கரன்கோவில் பெரியோர்களே! பந்தலின் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியையும் கேட்கும் தாய்மார்களே! கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும், கடையநல்லூர் தந்த ரசீதா டீச்சர் அவர்களே! சங்கச் செயலாளர் தங்கசாமியின் வணக்கம்.

சுருக்கமாகப் பேசுவேன். யாரது சிரிப்பது? சரி, முயற்சி செய்வேன்!

எண்பத்தாறாம் ஆண்டுத் தையில் நம் சேலைகள் ஒரு வண்டி திரும்பி வந்தன. மடித்தால் மடியவில்லை, நிறுத்தினால் நின்றன! உடுத்துவதற்கு நெய்தோமா, கதவுக்கு நெய்தோமா? நெய்யுமுன் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் குறைத்தேன். சேலை மென்மையானது, நூல் அறுந்தது. கூட்டினேன். நூல் நின்றது, சேலை விறைத்தது. நாற்பது தறியும் நிற்கும் நிலை வந்தது.

"என்னவே தங்கசாமி, ஒரு முடிவுக்கு வாரும்வே!" என்றார் தலைவர். நான் முடிவுக்கு வரவில்லை, டீச்சர் வந்தார்.

கஞ்சியின் கெட்டி, எண்ணெய், சூடு இவற்றை மாற்றி மாற்றிப் பதினைந்து பானை காய்ச்சச் சொன்னார். நூல் எத்தனை முறை அறுந்தது, துணி எவ்வளவு மென்மை என்று குறித்துச் சமன்பாடு கட்டினார். நூலுக்கும் துணிக்கும் தனித்தனி மார்க்கு: முழுத் திருப்தி என்றால் ஒன்று, வேண்டவே வேண்டாம் என்றால் சுழி, இடைப்பட்டதற்கு இடைப்பட்ட மார்க்கு. பிறகு மார்க்குகளைப் பெருக்கினார்.

நான் விட்டேனா? "கூட்டுனா என்ன டீச்சர்? கூடுதலா வருமே!"

"அண்ணாச்சி, துணி பூவா இருக்கு, நூலு பூராம் அறுந்து கெடக்கு. கூட்டுனா பாதி மார்க்கு வந்துரும். பாஸுன்னு சொல்லுவியளா? பெருக்குனா சுழிதான்."

எனக்கு அன்று கிடைத்த மார்க்கும் அதுதான்!

கெட்டிக்கு, எண்ணெய்க்கு, சூட்டுக்கு என்று வரைபடத்தில் தனித்தனிக் கோடு வரைந்தார். சூடு ஏற ஏற, பெருக்கி வந்த மொத்த மதிப்பும் ஏறியது. கொதிக்கக் கொதிக்கப் போட்டால் கொஞ்சக் கஞ்சியே போதும், நூலுக்குள் நன்றாக இறங்கிவிடுமாம். உறுதியும் உண்டு, மென்மையும் உண்டு! நான் துள்ளினேன். தலைவரும் துள்ளினார். மறுக்காதீர்கள் அண்ணாச்சி, நான் பார்த்தேன்.

அப்போது முத்துமாரியம்மாள் எழுந்தார். பாவில் கஞ்சியைக் கையால் தேய்ப்பவர் அவர். உள்ளங்கையை விரித்தார். கொப்புளம்.

"இதுக்கு எத்தன மார்க்கு போட்டிய?"

எங்கள் துள்ளல் எங்கே போயிற்று? டீச்சர்தான் பேசினார். "தப்பு எம்மேலதான்க்கா. உங்கள கேக்காம விட்டுட்டேன். எந்தச் சூடு தாங்கும்னு நீங்களே சொல்லுங்க."

வெவ்வேறு சூட்டுக்கு ஆறவிட்ட பானைகளில் முத்துமாரியம்மாள் கை வைத்துச் சொல்லச் சொல்ல, டீச்சர் எழுதினார். கைக்கென்று மூன்றாவது மார்க்கு பிறந்தது. முதலிடத்தில் நின்ற கஞ்சி சுழியாகிச் சரிந்தது! மறுபடி கோடு, மறுபடி பெருக்கல். சூட்டைத் தணித்து, கஞ்சியைச் சற்றுக் கூட்டி, எண்ணெயை இன்னும் ஒரு கரண்டி சேர்த்த இடத்தில் மொத்த மதிப்பு உச்சி தொட்டது. அங்கே எதற்கும் முழு ஒன்று இல்லை. எதற்கும் சுழியும் இல்லை.

மணிக்குப் பதினொரு முறை அறுந்த நூல் நான்கு முறையாகக் குறைந்தது. டீச்சர் மூன்று என்று கணித்திருந்தார். அந்த ஒன்றை நான் ஊரெல்லாம் சொல்லிக் காட்டினேன். இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன். தீபாவளிக்குப் போன சேலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அன்பர்களே! உறுதியைக் கேட்டோம், மென்மையைக் கேட்டோம். உழைக்கும் கையைக் கேட்டோமா? வாங்குபவர் மகிழ, விற்பவர் மகிழ, நெய்பவர் துடித்தால் அது வெற்றியா? ஒருவருடைய சுழி ஊருக்கே சுழி என்று கணக்கு சொல்கிறது. நம் மனம் என்று சொல்லும்?

டீச்சருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துவார் என்று நோட்டீசில் அடித்திருக்கிறோம். அண்ணாச்சி கண்ணால் எதையோ சொல்கிறார். புரிந்துவிட்டது அண்ணாச்சி! முத்துமாரியம்மாள் அக்கா, எழுந்து வாருங்கள். டீச்சருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியவர் நீங்கள்தான்.

சுருக்கமாகப் பேசியதாக நம்பும் உங்கள் தங்கசாமியைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!