காற்று மாற்றிய நிறம்

மச்சான்: ...தங்கச்சி மருந்து வாங்கிட்டு மேல வர்றதுக்குள்ள இந்த விபத்து அறிக்கையில கையெழுத்தை முடிச்சிடலாம் மாப்ளே. கடைசி வரி மட்டும் படிக்கவா?

மாப்பிள்ளை: படிங்க. மிச்சமிருக்கிற ஒத்தைக் கண்ணுக்கு ஓய்வு குடுக்கணுமாம்.

மச்சான்: குத்தாதீங்க... "விபத்தின்போது பணியாளர் தமது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்."

மாப்பிள்ளை: அடேங்கப்பா! அதை இங்க ஆஸ்பத்திரியில நர்ஸம்மாதானே கழட்டினாங்க? லேசர் பச்சை. என் கண்ணாடி பச்சையைத் தடுக்கும். அப்போ கண்ணுக்குள்ள பாய்ஞ்சது எது?

மச்சான்: தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க.

மாப்பிள்ளை: உங்க வாயால வரட்டுமே.

மச்சான்: ...காத்து. லேசரோட சக்தி ஒரு அளவைத் தாண்டினா காத்து சும்மா இருக்காது. பச்சையில கொஞ்சத்தை ஆரஞ்சா மாத்திடும். போதுமா?

மாப்பிள்ளை: போதாது. அந்தக் கண்ணாடியைப் போட்டா, எதிர்க்கோடி அட்டையில லேசர் விழற பொட்டு கண்ணுக்கே தெரியக் கூடாது. தெரியுதுன்னு அன்னிக்குக் காலையிலேயே வந்து சொன்னேனா இல்லையா?

மச்சான்: சொன்னீங்க...

மாப்பிள்ளை: நீங்க என்ன சொன்னீங்க?

மச்சான்: கண்ணாடியை நல்லாத் துடைச்சுப் போட்டுக்கங்கன்னு...

மாப்பிள்ளை: துடைச்சுப் போட்டுக்கிட்டுத்தான் மத்தியானம் அட்டைகிட்ட போனேன். நீங்க சக்தியை இன்னும் ஏத்தினீங்க.

மச்சான்: லேசரைப் பார்க்க வந்த பெரியவங்க முன்னாடி எப்படி இறக்குறது? மாப்ளே, இந்த வரி இல்லேன்னா ஆய்வகத்தையே இழுத்து மூடிடுவாங்க. என்னோட பதினோரு வருஷ உழைப்பு!

மாப்பிள்ளை: என் கண்ணு நாப்பது வருஷம் உழைச்சுது. சரி, பேனாவைக் குடுங்க.

மச்சான்: நிஜமாவா? ஆனா தங்கச்சி... "அவர் கழட்டியிருக்கவே மாட்டார்"னு நேத்தெல்லாம் என்கிட்ட மல்லுக்கு நின்னாளே. அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

மாப்பிள்ளை: இன்னிக்குக் காலையிலேயே சொல்லிட்டேன், நான்தான் கழட்டினேன்னு. அழுதுக்கிட்டே திட்டினா. வேற என்ன சொல்ல, மச்சான்? கீழ விழுந்தப்போ இந்த ஒத்தைக் கண்ணால முதல்ல உங்க முகத்தைத்தான் பார்த்தேன். அலமாரியில பூட்டி வெச்சிருப்போமே, பச்சையையும் ஆரஞ்சையும் சேர்த்துத் தடுக்கிற ஒரே கண்ணாடி... அது உங்க மூக்கு மேல இருந்துச்சு. அவ அப்பா அம்மா இல்லாதவ. இதையும் சொல்லிட்டா, பிறந்த வீடுன்னு அவளுக்கு யாரு இருக்கா?