திருப்பிப் போடுகிறவன்

டெய்லர் அண்ணன் எங்கள் இல்லத்துக்குத் தரவேண்டியிருந்த பாக்கி மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது. எண்ணில் எழுதினால் ஒரு நொடி. எழுத்தில் எழுத எனக்கு இன்னும் நேரம் ஆகிறது. 'நானூற்று' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றுவிடும். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படித்தவனுக்கு அப்படித்தான். விசாரிக்க வந்த அதிகாரி நீங்கள், நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம் சார். என் விஷயத்தை நானே எழுதித் தருகிறேன்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் எங்களுடையது. நான் அங்கே தூக்குகிறவன். குளிக்கத் தூக்க வேண்டும், துணி மாற்றத் தூக்க வேண்டும், புரண்டு படுக்க முடியாதவர்களை நேரம் தவறாமல் திருப்பிப் போட வேண்டும். அதற்கு முன்னால் கிடங்கில் மூட்டை தூக்கினேன். மூட்டை பேசாது, மனுஷன் பேசுவான். எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை. நர்ஸுகள் எனக்கு வைத்த பெயர் கிரேன். "ஏழாம் கட்டிலுக்குக் கிரேனை அனுப்பு" என்பார்கள். நானும் போவேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

கட்டிலில் கிடப்பவர்களுக்கு அரசாங்கம் செலவுப் பணம் தரும். எல்லோருக்கும் இல்லை. இவருக்கு இவ்வளவு பராமரிப்பு இல்லாமல் முடியாது என்று நர்ஸ் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். நிதி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டு அதிகாரி வந்து பார்த்து, சரி என்றால்தான் பணம். எங்கள் நர்ஸுகள் ஊசி போடுவதில் கெட்டிக்காரர்கள். ரிப்போர்ட் என்றால் கை நடுங்கும்.

ஒரு நாள் சின்ன நர்ஸ் துணி அலமாரி அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. மூன்றாம் கட்டில் அம்மாவின் ரிப்போர்ட் திரும்பி வந்துவிட்டதாம், போதிய விவரம் இல்லை என்று. வாங்கிப் பார்த்தேன். 'சில சமயங்களில் ஒத்துழைக்கச் சற்றுத் தயங்குவதாகத் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கு நேரமாயிற்று. முடித்ததும் சிரித்துவிட்டேன்.

"போன வாரம் அந்தம்மா உங்க கையக் கடிச்சாங்களே. தயங்கியா கடிச்சாங்க?"

"அதை அப்படியே எழுதினா மரியாதையா இருக்குமாண்ணா?"

"மரியாதைக்கு யாரு பணம் தர்றா?"

எனக்கு நீட்டி எழுத வராது. தெரிந்ததே சின்ன வாக்கியம்தான். 'பராமரிப்பவர்களைக் கடிக்கிறார். இரண்டு பேர் பிடித்தால்தான் உடை மாற்ற முடியும்.' நான் சொன்னேன், அது எழுதியது. பணம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஹெட் நர்ஸே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நர்ஸுகள் அறையில் அதுவரைக்கும் நான் நாற்காலியைத் தூக்கி ஓரம் போட்டிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. அவர்களுக்கு டீ வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. "கிரேன் அண்ணா, இது எப்படியிருக்கு பாருங்க" என்று ஆளாளுக்குத் தாளை நீட்டினார்கள். 'தோன்றுகிறது' எங்கேயாவது இருந்தால் அடிக்கச் சொல்வேன். கண்ணால் பார்த்ததற்கு எதற்குத் தோன்றுகிறது. நோயாளியின் நல்ல நாளை எழுதாதீர்கள், மோசமான நாளை எழுதுங்கள் என்பேன். பயந்துகொண்டு எழுதுகிற கைக்கு யாரும் காசு வைக்க மாட்டார்கள் என்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன்.

டெய்லர் அண்ணன் பதினொன்றாம் கட்டில். வாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வலது காலும் பேருக்குத்தான். வலது கையும் வாயும் மட்டும் பழுதில்லை. வாய் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது. என் யூனிஃபார்மைப் பார்க்கும்போதெல்லாம், "இதைத் தைச்சவன் கண்ண மூடிக்கிட்டுத் தைச்சிருக்கான் தம்பி. ஒரு தோள் உனக்கு, இன்னொரு தோள் வேற யாருக்கோ" என்பார். இரண்டு வருடம் அவரை நான்தான் திருப்பிப் போட்டேன். அவ்வளவு கனமான உடம்பு, ஒரு சிவப்பு இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை. இதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

கெடுதல் அதிலிருந்துதான் வந்தது.

மதிப்பீட்டு மேடம் வந்தார்கள். போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தார்கள்.

"தோல் நல்லா இருக்கே. அப்ப பெரிய தேவை எதுவும் இல்லையே."

"நல்லாப் பாத்துக்கறதால நல்லா இருக்கு மேடம்" என்றது சின்ன நர்ஸ். "திருப்பிப் போடாட்டி புண் வரலாம்."

"வரலாமா, வருமா?"

அது கையிலிருந்த தாளைப் புரட்டியது. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். நான் வாளியோடு வாசலில் நின்றிருந்தேன்.

"வரும் மேடம்" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்கள்.

"தூக்கறவர் மேடம்."

"தூக்கறது எல்லாம் பேசினா நான் எதை எழுதுறது? இதுக்கு ஆதாரம் வேணும்மா. மறுபடி ஒரு தடவை வருவேன். அதுதான் கடைசி."

எனக்கு அது உறைக்கவில்லை. கிடங்கில் இதைவிடக் கேட்டிருக்கிறேன்.

இல்லத்து மேனேஜர் டெய்லரின் மகளைக் கூப்பிட்டு, அடுத்த தடவையும் பணம் வராவிட்டால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடும்மா என்று சொல்லிவிட்டார். பாக்கி தனியாக நிற்கும். அந்த மகள் பிரெட் தயாரிக்கிற இடத்தில் அடுப்படி வேலை செய்கிற பெண். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், மூன்றாவது மாடியில் ஒரே அறை. அன்றைக்கு டெய்லர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்கப்பா. என்னைத் தூக்கியே அவ இடுப்பு ஒடிஞ்சிடும். நீதான் ரிப்போர்ட்ல கில்லாடியாமே. ஏதாவது பண்ணு தம்பி."

ஏதாவது பண்ணு என்று அவர் வாயால் சொன்னார். இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிப் போடுவதை நிறுத்தினேன்.

அவரிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். மகளுக்காகச் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் சரி என்று சொன்னவர் நடுவில் போதும் என்றும் சொல்லுவார். சொல்லாமல் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. காலையில் தூக்குகிற ஆள் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போயிருந்தான், அவன் வேலையும் என்னிடம்தான். ராத்திரி ஆளிடம், பதினொன்றைத் தொடாதே, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். சின்ன நர்ஸுக்கு நாற்பது கட்டில். போகிற போக்கில் "பதினொன்னு திருப்பியாச்சாண்ணா?" என்று கேட்கும். "ஆச்சு" என்பேன். அதற்கு மேல் கேட்காது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் அவர் சிரித்தார். "என்னப்பா, ஒரு பக்கமாவே அயர்ன் பண்றே. மறுபக்கம் சுருங்கிடப்போகுது."

"டாக்டர் மல்லாந்தே படுக்கச் சொல்லியிருக்காருண்ணே."

இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. முதுகுக்குக் கீழே எரிகிறது என்றார். வலது கையால் கட்டில் ஓரத்துக் கம்பியைப் பிடித்து இழுத்துப் புரளப் பார்த்தார். அந்த உடம்பு அசையாது. கை வீணாக வலிக்குமே என்று கம்பியை இறக்கிவிட்டேன். கூப்பிடுகிற மணியை நான் எடுத்துக்கொண்டு போனதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு. மணி கட்டிலில்தான் இருந்தது. இடது கைப் பக்கம் வைத்தேன்.

சாப்பாடு நானே ஊட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். முகம் துடைத்துவிட்டேன். ஒரு குறை வைக்கவில்லை.

சின்ன நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தபோது அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். "நேத்திலேர்ந்து கொஞ்சம் புத்தி தடுமாறுது, திருப்பவே இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்று நான் முந்திக்கொண்டேன். அது அவர் நெற்றியைத் தடவி, "திருப்பிட்டாங்க தாத்தா, தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை.

முதலில் ஒரு நாணயம் அளவு சிவப்பு. பிறகு தோல் உரிந்தது. சின்ன நர்ஸை அப்போதே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மேல் தோல் உரிந்ததற்கெல்லாம் அலுவலகத்தில் குறைந்த மதிப்பெண்தான். ஆழம் வேண்டும். எத்தனையோ ரிப்போர்ட் பார்த்தவன், எனக்குத் தெரியும். பொறுத்தேன். பழைய துணி நைந்து நடுவில் பொத்துக்கொள்ளுமே, அப்படி ஒரு நாள் பொத்துக்கொண்டது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

சின்ன நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டது. "ரெண்டு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்துச்சேண்ணா. எப்படிண்ணா?"

"அழுதா ஆச்சா? எழுதுங்க."

அந்த ரிப்போர்ட்தான் நான் சொல்லி எழுதியதிலேயே நல்லது. 'தானாகப் புரள முடியாது. திருப்பிப் போடாவிட்டால் புண் வரும். வந்திருக்கிறது. எலும்பு தெரிகிறது.' ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. பொய் என்று ஒரு எழுத்து இல்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போடும்போது முதல் தடவையாகக் கை நடுங்கவில்லை.

மேடம் உடனே வந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். வேறு வேலை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார், இனி மல்லாத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். டாக்டர் அங்கே நின்ற வரைக்கும் ஒருக்களித்து வைத்தேன். நன்றாகக் கவனித்து, மேடம் வரும்போது ஆறிப்போயிருந்தால் என்ன செய்வது? ஆதாரம் வேண்டும் என்று கேட்டது அவர்கள்தானே. டாக்டர் போனதும் மறுபடி மல்லாத்தினேன்.

அன்றைக்கு டெய்லர் அண்ணன் மெதுவாகத்தான் பேசினார்.

"போதும் தம்பி. அதான் பார்த்துட்டாங்கல்ல. இப்பத் திருப்பு."

"மேடம் இன்னும் பாக்கலைண்ணே."

"நான் உனக்கு என்னப்பா செஞ்சேன்?"

"உங்க மகளுக்காகத்தான்."

"என் மககிட்ட இதைச் சொல்லுவியா?"

அவர் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மேடம் வந்தார்கள். போர்வையை விலக்கினதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். போர்வையைப் போட்டுவிட்டு, வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான்" என்றார்கள்.

நீங்க என்றார்கள். நர்ஸுகள் எல்லோரும் கேட்டார்கள்.

அவர்கள் கார் கிளம்புகிற சத்தம் கேட்டதும் டெய்லர் அண்ணனைத் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை, வேண்டுமானால் யாரையும் கேளுங்கள். ஆனால் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. நாலைந்து நாள் ஜுரத்தில் அளவு நாடா, அளவு நாடா என்று தேடினார். யாருக்கோ சட்டைக்கு அளவு எடுக்க வேண்டுமாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இப்போது நீங்கள் எழுதியிருக்கிற ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். திருப்பிப் போடாவிட்டால் புண் வரும், புண் வந்திருக்கிறது, அப்படியானால் யாரோ திருப்பிப் போடவில்லை. மேடம் பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட கையோடு இதையும் உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் சொன்ன ரிப்போர்ட்டுக்குள் அப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாக்கியம் அவ்வளவு சரியாக அமைந்துவிட்டது. கையெழுத்து சின்ன நர்ஸுடையது, அதனால் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். 'நர்ஸின் கவனக்குறைவு காரணமாக மரணம் நேர்ந்திருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த மனுஷர், நீங்களும் இப்படி எழுதலாமா? அந்தப் பெண்ணுக்காக நான் வந்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தோன்றுகிறது, கூடும் இரண்டையும் அடித்துவிடுங்கள். நர்ஸ் என்பதையும் அடித்துவிடுங்கள். இப்படி எழுதுங்கள்: 'தூக்குகிறவன் திருப்பிப் போடவில்லை. தெரிந்தே செய்தான். அதனால் இறந்தார்.' கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. பணம் வந்துவிட்டது. முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டு மொத்தமாக அனுப்பியிருக்கிறார்கள். டெய்லரின் மகள் வேலை உடுப்போடு, கையில் மாவு காயாமல் ஓடிவந்தது. பாக்கி எதுவும் இல்லை என்று மேனேஜர் ரசீது கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"நீங்க மட்டும் இல்லேன்னா அண்ணா, நானும் பிள்ளைங்களும் தெருவுல நின்னிருப்போம். அப்பாதான் இதைப் பாக்கக் குடுத்து வைக்கல."

எனக்கும் அதுதான் வருத்தம். இன்னும் இரண்டே வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் கடன் தீர்ந்ததை அவரே கண்ணால் பார்த்திருப்பார். அவசரப்பட்டுவிட்டார்.